பொத்தானின் முதுகைப் பாருங்கள்

போட்டிருக்கும் சட்டையில் ஏதாவது ஒரு பொத்தானைப் பிடித்து, லேசாகத் திருப்பி, அதன் முதுகைப் பாருங்கள். முன்பக்கம் எந்த வேஷமும் போடும்: பிளாஸ்டிக், சிப்பியைப் போல மின்னும், பொடியை அழுத்திச் செய்தது கொம்பைப் போலத் தெரியும். முதுகுக்கு அந்த வேலை இல்லை. அங்கே மெருகேற்ற யாரும் அதிகம் மெனக்கெடுவதில்லை. அதனால் செய்முறையின் தடம் அப்படியே தங்கிவிடுகிறது.

வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள் தெரிந்தால், அது கடைசல் இயந்திரத்தில் கடைந்தது. விளிம்பில் ஒரு இடத்தில் மட்டும் சின்னத் தழும்பு இருந்தால், உருகிய பிளாஸ்டிக் அந்த வழியாகத்தான் அச்சுக்குள் புகுந்திருக்கிறது. விளிம்பைச் சுற்றி மயிரிழை போல ஒரு வரம்பு ஓடினால், அச்சின் இரண்டு பாதிகளும் சந்தித்த இடம் அது. பழுப்பும் செம்மையுமாக ஒழுங்கில்லாத ஒரு திட்டு இருந்தால், ஒரு காலத்தில் கடலிலோ ஆற்றிலோ வாழ்ந்த உயிரின் ஓட்டிலிருந்து வெட்டியெடுத்த பொத்தானாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

பொத்தான் செய்ய அடிப்படையில் இரண்டே வழிகள். ஏற்கெனவே இருக்கும் ஒரு பொருளிலிருந்து வெட்டி எடுப்பது ஒன்று. இளகிய பொருளை அச்சில் விட்டு இறுக வைப்பது மற்றொன்று. எந்த வழியில் வந்தது என்பதுதான் ஒரு பொத்தானின் மினுமினுப்பையும், சாயம் பிடிக்கும் விதத்தையும், எப்போது எப்படி உடையும் என்பதையும் தீர்மானிக்கிறது. விலைச்சீட்டில் எழுதியிருக்கும் எதையும் விட இது முக்கியம் என்று நினைக்கிறேன்.

பொத்தான் என்ற சொல்லே போர்ச்சுகீசிய மொழியின் போத்தாவோ என்பதிலிருந்து வந்தது. பொத்தான் நுழையும் துளையைத் தையல்காரர்கள் காஜா என்கிறார்கள் இல்லையா, அதுவும் போர்ச்சுகீசியம்தான்: காசா, அதாவது வீடு. பொத்தான் குடியிருக்கும் வீடு! அழகான பெயர். ஆனால் அந்த வீடு பொத்தானுக்கு வெகுகாலம் பிந்தி வந்தது. சிந்துவெளி மக்கள் 4,000 ஆண்டுகளுக்கு முன்பே சிப்பித் துண்டில் துளையிட்டுப் பொத்தான் போன்ற பொருள்களைச் செய்திருக்கிறார்கள். அவை பெரும்பாலும் அலங்காரத்துக்கு. துணியில் துளை வெட்டி, ஓரம் தைத்து, அதற்குள் பொத்தானை நுழைத்துப் பூட்டும் வழக்கம் ஐரோப்பாவில் பரவியது 13ஆம் நூற்றாண்டில்தான்.

காஜா வந்ததும் பொத்தானின் தலைவிதி மாறியது. அலங்காரத்துக்குத் தைத்த வில்லை ஒன்று பெரிதாகவும் மற்றொன்று சிறிதாகவும் இருந்தால் கெட்டுப்போவது எதுவும் இல்லை. காஜாவுக்கோ அளவு உண்டு. பெரிதானால் நுழையாது, சிறிதானால் நழுவிவிடும். ஒரு சட்டையின் எல்லாப் பொத்தான்களும் ஒரே விட்டம், ஒரே தடிப்பு, ஒரே துளை இடைவெளியில் இருந்தாக வேண்டும். இயற்கையில் கிடைக்கும் ஓடு, கொம்பு, கொட்டை எதுவும் அப்படி ஒன்றுபோல் இருப்பதில்லை. பொத்தான் தொழிலின் கதை முழுவதும் இந்த இழுபறியிலிருந்து பிறந்ததுதான்.

அளவு என்றதும் லைன் என்ற கணக்கைச் சொல்லிவிட வேண்டும். உலகம் முழுவதும் பொத்தானை லைன் கணக்கில்தான் வாங்குகிறார்கள், விற்கிறார்கள். 40 லைன் சேர்ந்தால் ஒரு அங்குலம். ஆக ஒரு லைன் 0.635 மில்லிமீட்டர். சட்டையின் முன்பக்கப் பொத்தான் பெரும்பாலும் 18 லைன், கிட்டத்தட்ட பதினொன்றரை மில்லிமீட்டர். காலர் முனைக்கு 14 அல்லது 16. கோட்டுக்கு 32. கடிகாரக்காரர்களிடமும் லைன் என்ற பழைய பிரெஞ்சு அளவு புழங்குகிறது. அது இரண்டேகால் மில்லிமீட்டர். பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

வெட்டியெடுக்கும் வழியில் சிப்பியை மிஞ்சியது எதுவும் இல்லை. ட்ரோகஸ் என்ற கூம்பு வடிவ நத்தை ஓடு, முத்துச்சிப்பி, ஆற்றுச் சிப்பி மூன்றும் நிறையப் பயன்பட்டன. முறை கேட்கச் சுலபமாக இருக்கும். ஓரத்தில் பல் வைத்த எஃகுக் குழாய் ஒன்று சுழன்றுகொண்டே இருக்கும். ஓட்டை அதன்மேல் அழுத்தினால், குழாயின் உள்விட்டத்துக்கு ஒரு வட்ட வில்லை வெட்டுப்பட்டு விழும். வெட்டும் இடத்தில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓடு சூடேறி விரிசல் விடும், வெள்ளைத் தூள் எழுந்து வெட்டுபவரின் நெஞ்சுக்குள் போகும். விழுந்த வில்லைகளைத் தடிப்பு வாரியாகப் பிரித்து, முதுகை அரைத்துச் சமமாக்கி, முகத்தைக் கடைந்து, துளை போட்டு, கடைசியில் மெருகேற்றுவார்கள்.

கடினமான பகுதி இயந்திரத்தில் இல்லை, கண்ணில் இருக்கிறது. ஓடு ஒரே தடிப்பில் இருக்காது. வாய்ப்பக்கம் தடித்து, நுனிப்பக்கம் மெலிந்திருக்கும், வளைந்திருக்கும், நடுவில் புழு துளைத்த இடம் இருக்கும். குழாயை எங்கே வைத்தால் அதிக வில்லைகள் கிடைக்கும், எது 18 லைனுக்கு வரும், எது 14க்குத்தான் தேறும் என்று ஒவ்வொரு ஓட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஒரு இடத்தில் தவறாக வைத்தால் பக்கத்தில் கிடைத்திருக்க வேண்டிய இரண்டு வில்லைகள் போய்விடும்.

இந்தத் தொழில் ஒரு ஊரையே எழுப்பியதும், ஒரு ஆற்றை வறுமையாக்கியதும் அமெரிக்காவில் நடந்தது. ஜான் பெப்பிள் என்ற ஜெர்மானியப் பொத்தான் தொழிலாளி, மிசிசிப்பி ஆற்றின் சிப்பிகள் பொத்தானுக்குத் தோதானவை என்று கண்டுகொண்டு, 1891இல் அயோவா மாநிலத்தின் மஸ்கட்டீன் நகரில் வேலையைத் தொடங்கினார். 1905இல் அந்த ஒரே ஊர் 150 கோடிப் பொத்தான்கள் செய்தது. உலகப் பொத்தான்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் என்று கணக்கிடப்பட்டது. ஆற்றின் அடியில் ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும் சிப்பிகளை அள்ளிக்கொண்டே போனால் என்ன ஆகும்? படுகை படுகையாகத் தீர்ந்தன. பெப்பிளின் முடிவும் சிப்பியோடுதான் பிணைந்திருக்கிறது. ஆற்றில் இறங்கியபோது சிப்பி ஓடு காலைக் கிழித்து, அந்தப் புண் சீழ் வைத்து, 1912இல் இறந்துபோனார்.

மற்ற வழிகள் வந்த பிறகும் சிப்பியின் பெயர் ஏன் மங்கவில்லை? காரணம் அதன் உட்புற அமைப்பு. ஓட்டின் உள்ளடுக்கு, அரகோனைட் என்ற சுண்ணாம்புப் படிகத் தகடுகள் செங்கல் சுவர் போல அடுக்கடுக்காக அமைந்தது. ஒவ்வொரு தகடும் சுமார் அரை மைக்ரான் தடிப்பு. அது ஒளியின் அலைநீளத்துக்குப் பக்கத்தில் வரும் அளவு. மேலடுக்கில் பட்டுத் திரும்பும் ஒளியும் கீழடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று கலந்து, பார்க்கும் கோணத்துக்கேற்ப சில நிறங்கள் தூக்கலாகவும் சில மங்கலாகவும் தெரிகின்றன. சிப்பிப் பொத்தானைச் சாய்த்தால் ஓடும் அந்த இளஞ்சிவப்பும் பச்சையும் சாயம் இல்லை, அடுக்கின் வேலை. தகடுகளின் போக்கு தெரிந்து வெட்டினால்தான் அந்த ஒளி பொத்தானின் முகத்துக்கு வரும்.

கொம்பும் அப்படித்தான், உள்ளமைப்புக்கு ஏற்ப வேலை வாங்கும். நுனி திண்மையாக இருக்கும். அதை வளையம் வளையமாக அறுத்துக் கடையலாம். அடிப்பகுதி உள்ளீடற்ற குழாய். அதைச் சூடேற்றி, பிளந்து, விரித்து, தகடாக அழுத்திய பிறகுதான் வில்லை எடுக்க முடியும். தென்னமெரிக்காவின் டாகுவா பனையில் விளையும் கொட்டை இன்னொரு நல்ல மூலப்பொருள். இளசாக இருக்கும்போது உள்ளே நீர், பிறகு வழுக்கை, முற்றிக் காய்ந்தால் தந்தம் போன்ற கடினம். அதைச் சீவல் சீவலாக அறுத்துக் கடைவார்கள். சாயம் மேலே மட்டுமே பிடிக்கும் என்பதால், பழைய பொத்தானில் கீறல் விழுந்த இடத்தில் உள்ளே இருக்கும் வெண்மை எட்டிப் பார்க்கும். தேங்காய்ச் சிரட்டை, மரம், தோல் எல்லாம் இதே குடும்பம்.

சரி, அச்சு வழிக்கு வருவோம். உலர்ந்த களிமண் பொடியை அச்சில் வைத்து அழுத்தும் முறைக்கு ரிச்சர்ட் பிராசர் 1840இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். அப்புறம் பிரான்சின் பிரியார் நகரில் பாப்தெரோஸ் என்பவர் மண் கலவையில் பால் சேர்த்து இணக்கம் கூட்டி, ஒரே அழுத்தில் நூற்றுக்கணக்கான பொத்தான்கள் விழும்படி செய்தார். சூளையில் சுட்டு எடுத்த அந்தப் பீங்கான் பொத்தான்கள் மலிவாக, வெள்ளையாக, முக்கியமாக ஒன்றுபோல இருந்தன. காஜா கேட்டதும் அதைத்தானே.

பொத்தானுக்குள் பால் இன்னொரு தடவையும் வந்தது, இந்தத் தடவை பாலே பொத்தானாக. ஜெர்மனியின் ஹானோவரில் வில்ஹெல்ம் கிரிஷே, பள்ளிகளுக்குக் கழுவி எழுதக்கூடிய வெள்ளைப் பலகை தேடிக்கொண்டிருந்தார். அவரும் அடால்ஃப் ஸ்பிட்டலரும் சேர்ந்து, பால் திரியும்போது கிடைக்கும் கேசீன் என்ற புரதத்தை ஃபார்மலின் கரைசலில் ஊறவைத்தால் கொம்பு போல இறுகுவதைப் பயன்படுத்தி, 1890களின் இறுதியில் காப்புரிமை பெற்றார்கள். கிரேக்க மொழியில் பாலையும் கல்லையும் சேர்த்து காலாலித் என்று பெயர் வந்தது. சிக்கல் ஒன்றுதான்: ஃபார்மலின் உள்ளே ஊடுருவ நேரம் பிடிக்கும். மெல்லிய தகட்டுக்கே வாரக்கணக்கு, தடித்த உருளைக்கு மாதக்கணக்கு. அத்தனை நாள் தொட்டியில் கிடந்த பிறகுதான் அறுத்துக் கடைய முடியும். ஆனால் சாயம் அருமையாகப் பிடிக்கும். பழைய கோட்டில் கனமான, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் பொத்தான் இருந்தால் கேசீனாக இருக்கலாம். ஊசியைச் சூடாக்கி முதுகில் லேசாக வைத்தால் பால் தீய்ந்த வாடை வரும். கொம்பு என்றால் முடி கருகும் வாடை.

இன்று சட்டைகளில் அதிகம் காண்பது பாலியெஸ்டர் பொத்தான். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த கட்டம் இதன் செய்முறைதான், ஏனென்றால் இங்கே இரண்டு வழிகளும் ஒன்று சேர்கின்றன: முதலில் வார்க்கிறார்கள், பிறகு வெட்டுகிறார்கள்.

ஆடை நூலாகும் பாலியெஸ்டர் இல்லை இது. ஸ்டைரீன் கலந்து தேன் பதத்தில் இருக்கும் பிசின். கோபால்ட் உப்பு கொஞ்சம், பெராக்சைடு கொஞ்சம் சேர்த்தால் தானாகவே இறுகத் தொடங்கும். முதலில் ஒன்றைப் பிசினில் நன்றாகக் கலந்துவிட்டுத்தான் மற்றதை ஊற்ற வேண்டும். அந்த இரண்டும் பிசின் இல்லாமல் நேராகச் சந்தித்தால் தீப்பிடிக்கவும் வெடிக்கவும் செய்யும். இந்த வேலையில் முதலில் கற்றுக்கொடுக்க வேண்டிய பாடம் அது.

அதோடு, முத்துப் போன்ற மினுமினுப்பைத் தரும் முத்துச் சாந்தும் சேரும். ஒரு காலத்தில் இதை மீன் செதிலிலிருந்து எடுத்தார்கள். பின்னர் ஈயச் சேர்மம் வந்தது. இப்போது டைட்டானியம் டையாக்சைடு பூசிய அபிரகத் துகள்களும் பிஸ்மத் சேர்மமும் புழங்குகின்றன. எதுவானாலும் ஒரு நிபந்தனை: துகள்கள் உருண்டையாக இருக்கக் கூடாது, தட்டையான செதில்களாக இருக்க வேண்டும்.

படுக்கை வாட்டில் சுழலும் பெரிய உலோக உருளைக்குள் இந்தக் கலவையை ஊற்றுகிறார்கள். சுழற்சியின் வேகத்தில் பிசின் உருளையின் உட்சுவர் முழுவதும் ஒரே தடிப்பில் பரவி ஒட்டிக்கொள்ளும். எத்தனை கிலோ ஊற்றினோம் என்பதுதான் தகட்டின் தடிப்பு. முதலில் வெள்ளை ஒரு அடுக்கு, அது கொஞ்சம் கெட்டியானதும் அதன்மேல் நிறம் ஒரு அடுக்கு என்று ஊற்றினால், முதுகு ஒரு நிறமும் முகம் ஒரு நிறமுமான பொத்தான் கிடைக்கும். பிசின் பரவும்போது செதில்கள் எல்லாம் சுவருக்கு இணையாகப் படுத்துவிடுகின்றன. அந்தக் கணத்தில்தான், சிப்பி பல ஆண்டுகள் எடுத்துக் கட்டிய அடுக்குச் சுவரின் சாயல் சில நிமிடங்களில் பிசினுக்குள் உருவாகிறது. அலை அலையான தோற்றம் வேண்டுமானால், கெட்டியாகிக்கொண்டிருக்கும் பிசினைச் சீப்பு போன்ற கருவியால் கோதுவார்கள். செதில்கள் சில இடங்களில் சாய்ந்து நின்றுவிடும், ஒளி அங்கே வேறு கோணத்தில் திரும்பும்.

எல்லாம் பதத்தில் இருக்கிறது. பிசின் கல்லாகும் முன் ரப்பர் பாய் போன்ற ஒரு நிலைக்கு வரும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்து மெல்ல எழும்பும். அப்போது உருளையை நிறுத்தி, தகட்டைக் குறுக்கே கீறி, பாயைச் சுருட்டுவது போல உரித்தெடுத்து, வில்லை வெட்டும் இயந்திரத்துக்கு ஓட வேண்டும். முந்தினால் வெட்டிய வில்லை கோணிக்கொள்ளும். பிந்தினால் வெட்டும்போதே விளிம்பு சிதறும். பிசின் இறுகும்போது தானே சூட்டைக் கக்கும், சூடு கூடக்கூட இன்னும் வேகமாக இறுகும். அதனால் கையிலிருக்கும் நேரம் நிமிடக்கணக்குத்தான், அறையின் வெப்பம் மாறினாலும் அது மாறும்.

வெட்டிய வில்லைகள் வெந்நீரில் கிடந்து முழுதாக இறுகும். பிறகு கடைசல். தானியங்கி இயந்திரம் ஒவ்வொரு வில்லையையும் பிடித்து முதலில் முதுகை, அடுத்து முகத்தைக் கடைந்து, இரண்டு அல்லது நான்கு துளைகள் போட்டுத் தள்ளிவிடும். முகத்தின் வடிவம், அதாவது விளிம்பு உயர்ந்திருப்பதும் நடுவில் கிண்ணம் போலக் குழிந்திருப்பதும், கடையும் வெட்டுளியின் வாயை எப்படித் தீட்டியிருக்கிறார்கள் என்பதிலேயே இருக்கிறது. புது வடிவம் வேண்டுமா, புது உளி தீட்டினால் போதும். அச்சு செய்ய வேண்டியதில்லை. சிறிய எண்ணிக்கையில் கூட விதவிதமான பொத்தான்கள் கிடைப்பதற்கு இதுதான் காரணம். கடைசியாகத் தேய்ப்புத் தூளும் தண்ணீரும் சேர்த்துப் பீப்பாயில் மணிக்கணக்கில் உருட்டுவார்கள். பொத்தான்கள் ஒன்றோடொன்று உரசியே வழவழப்பாகும்.

தகட்டில் சேதாரம் அதிகம். வட்டங்களை வரிசைக்கு வரிசை நேராக வைத்து வெட்டினால், ஒன்றையொன்று தொட்டபடி வைத்தாலும் தகட்டில் 78.5 விழுக்காடுதான் வில்லையாகும். தேன்கூடு போல மாற்றி மாற்றி வைத்தால் 90.7. கணிதத்தில் அதற்கு மேல் வழியே இல்லை. வெட்டும் கத்திக்கு இடம் விட வேண்டும் என்பதால் நடைமுறையில் இன்னும் குறைவு. கடையும்போது சீவலாகப் போவது தனி. இறுகிய இந்தப் பிசின் சுட்ட மண்பானை போன்றது: பானையை மறுபடி களிமண்ணாக்க முடியாது. பொடித்து நிரப்புப் பொருளாகத்தான் சேர்க்கலாம்.

கொம்பின் வரிகளைப் போலக் காட்ட வேண்டுமானால் உருளைத் தகடு உதவாது. அதற்குப் பல நிறப் பிசின்களைக் கலந்தும் கலக்காமலும் நீளக் குழாயில் ஊற்றி, இறுகியதும் தடியாக உருவி, வெள்ளரிக்காய் அரிவது போல வில்லை வில்லையாக அரிவார்கள். ஒவ்வொரு வெட்டிலும் நிறம் ஓடும் விதம் சற்று மாறும். ஒன்றுபோல இருக்கத்தான் அச்சு வந்தது. ஒன்றுபோல இல்லாமல் காட்ட இவ்வளவு பாடு!

உருகும் பிளாஸ்டிக்கின் கதை வேறு. நைலான் மெழுகு போன்றது, உருக்கி உருக்கி வார்க்கலாம். எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தினால் துளையோடு சேர்ந்தே முழுப் பொத்தானாக வெளியே வரும். கடைசல் கிடையாது, வழிந்த பிளாஸ்டிக்கையும் அரைத்து மறுபடி உருக்கலாம். ஆனால் அச்சு செய்யச் செலவு அதிகம் என்பதால் ஒரே வடிவம் பெரும் எண்ணிக்கையில் வேண்டும்போதுதான் கட்டுப்படியாகும். யூரியா, மெலமைன் பிசின்களில் செய்யும் பொத்தான்கள் இன்னொரு வகை: பொடியைச் சூடான அச்சில் வைத்து, சுமார் 150 டிகிரி வெப்பத்தில் நசுக்கினால் பொடி ஒரு கணம் இளகி, உடனே நிரந்தரமாக இறுகும். மினுக்கு குறைவு, ஆனால் நீண்ட நாள் உழைக்கும். கொதிநீரில் துவைத்து இஸ்திரி போடும் சீருடைகளுக்கு மெலமைனையே தேர்ந்தெடுப்பேன். சிப்பிப் பொத்தான் அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் விரிசல் விட்டுவிடும்.

உலோகத்தில் பிரஸ் பட்டனைப் பார்த்தால் போதும், மற்றதெல்லாம் புரியும். 1885இல் ஜெர்மனியில் ஹெரிபர்ட் பவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். கையில் அது ஒரு குமிழும் ஒரு குழியும்தான். உண்மையில் நான்கு துண்டுகள்: மேலே தெரியும் தொப்பி, குழி, குமிழ், குமிழைத் துணியின் மறுபக்கத்திலிருந்து பிடிக்கும் தண்டு. பித்தளைப் பட்டை ஒன்று பிரஸ்ஸுக்குள் அங்குலம் அங்குலமாக நகரும். முதல் அடியில் லேசாகக் குழியும், அடுத்த அடியில் இன்னும் ஆழம், அதற்கடுத்து விளிம்பு சுருளும், கடைசி அடியில் வெட்டுப்பட்டு விழும். ஒரே அடியில் முழு ஆழத்துக்கு இழுத்தால் தகடு கிழிந்துவிடும். அதனால்தான் இத்தனை படிகள். குழிக்குள் மெல்லிய கம்பி வில் ஒன்று உட்கார்ந்திருக்கும். பிரிக்கும்போது வரும் ‘டிக்’ ஓசை, குமிழின் கழுத்தைப் பிடித்திருந்த கம்பி விரிந்து விடுவதுதான். கம்பி தளர்ந்தால் தானே திறந்துகொள்ளும், இறுகினால் துணி கிழியும். பின்னலாடையில் பிரஸ் பட்டனுக்குப் பின்னால் இன்னொரு துணி வைத்துத் தைக்காவிட்டால் பட்டன் கையோடு வந்துவிடுவதற்கு இதுவே காரணம்.

முலாம் பூசுவது தனியாக ஒவ்வொன்றுக்கும் நடப்பதில்லை. துளைகள் போட்ட பீப்பாயில் ஆயிரக்கணக்கில் போட்டு, முலாம் கரைசலில் மெல்லச் சுழற்றுவார்கள். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதாலேயே மின்சாரம் எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும். நிக்கல் முலாம் சிலர் தோலில் அரிப்பைத் தரும். ஜீன்ஸ் பொத்தானின் முதுகு வயிற்றில் உரசும் இடத்தில் வட்டமாகச் சிவந்தால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில், தோலைத் தொடர்ந்து தொடும் பொருள் வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கலைக் கசியவிடக் கூடாது என்பது விதி.

ஜிப்பும் வெல்க்ரோவும் தனிக் கட்டுரை கேட்பவை. ஜிப்பைப் பற்றி ஒன்றே ஒன்று: கிடியன் சுண்ட்பேக் 1913இல் கொண்டுவந்த வடிவத்தில், ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். ஒரு பல்லின் மேடு அடுத்ததன் பள்ளத்தில் உட்காரும். அதோடு நிற்காமல், கம்பியிலிருந்து பல்லை வெட்டி நாடாவில் கவ்வவைக்கும் இயந்திரத்தையும் அவரே செய்தார். அது இல்லாவிட்டால் அந்த வடிவம் காப்புரிமைத் தாளிலேயே தூங்கியிருக்கும்.

சமிக்கிக்கு வருவோம். எதையும் பூட்டாது, ஆனால் பொத்தானின் உடன்பிறப்பு: அதே வட்டம், அதே துளை, அதே வெட்டு. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சீக்வின் என்ற பெயர் செக்கினோ என்ற வெனிஸ் நகரத் தங்கக் காசிலிருந்து வந்தது. அந்தக் காசின் பெயரோ, நாணய அச்சைக் குறிக்கும் சிக்கா என்ற அரபுச் சொல்லிலிருந்து. 1922இல் திறக்கப்பட்ட எகிப்திய அரசன் துட்டன்காமுனின் கல்லறையில் தங்க வில்லைகள் தைத்த ஆடைகள் இருந்தன. பழைய உலோகச் சமிக்கி செய்யும் விதம் எளிமையானது: கம்பியை ஒரு கோலில் சுருளாகச் சுற்றி, சுருளை நெடுக வெட்டினால் வளையங்கள் உதிரும். ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டினால் தட்டையான வில்லை, நடுவில் துளை. வெட்டிய இடத்தில் ஒரு பிளவு மட்டும் தங்கிவிடும். அருங்காட்சியகத்தில் பழைய ஜரிகை வேலையைப் பார்க்கும்போது அந்தப் பிளவைத் தேடிப் பாருங்கள்.

உலோகம் கனம். ஆயிரக்கணக்கில் தைத்தால் ஆடையே இழுத்துக்கொண்டு தொங்கும். 1930களில் ஜெலட்டின் தகட்டில் செய்து பார்த்தார்கள். இலேசு, பளபளப்பு, ஆனால் நீர் பட்டால் கரையும், சூட்டில் இளகும். மழையில் நனைந்தால் உடையின் அலங்காரம் ஒட்டும் கூழாகிவிடும். அதன் பிறகே அசிட்டேட், பிவிசி, பாலியெஸ்டர் படலங்கள் வந்தன.

இப்போதைய சமிக்கியின் பளபளப்பு ஒரு வெற்றிட அறையில் பிறக்கிறது. பிளாஸ்டிக் படலச் சுருள் அந்த அறைக்குள் ஓடிக்கொண்டிருக்க, கீழே அலுமினியம் ஆவியாகும் அளவுக்குச் சூடேறும். ஆவி படலத்தில் படிந்து, சில பத்து நானோமீட்டர் தடிப்பில் கண்ணாடி போன்ற பூச்சாகிறது. தங்கச் சமிக்கியில் தங்கம் கிடையாது: அலுமினியத்தின் மேல் ஒளி ஊடுருவும் மஞ்சள் அரக்குப்பூச்சு, அவ்வளவே. சிவப்பு அரக்கு பூசினால் சிவப்புச் சமிக்கி. வியர்வையும் காரமான சோப்பும் அந்த அரக்கைத் தாண்டிவிட்டால் அலுமினியம் கரைந்துபோகும், அடியில் இருக்கும் வெறும் பிளாஸ்டிக் தெரியும். அக்குள் பக்கம் சமிக்கி முதலில் மங்குவது இதனால்தான்.

படலத்தைக் குறுகிய நாடாக்களாகக் கீறி, இயந்திரம் முதலில் துளையைக் குத்தும், அடுத்த குத்தில் வட்டத்தை வெட்டும். அச்சில் கிண்ண வடிவம் இருந்தால் சமிக்கி குழிந்து, ஓரங்களில் பட்டை விழும். தட்டையானதை விட அது அதிகம் மினுங்கும், ஏனென்றால் ஒவ்வொரு பட்டையும் வேறு கோணத்தில் ஒளியைத் திருப்பும். கணினி எம்பிராய்டரி இயந்திரத்துக்குப் போகும் சமிக்கியை முழுதாக வெட்டுவதில்லை. ஒன்றோடொன்று சிறு இணைப்பில் ஒட்டியபடி நாடாவாகவே சுற்றி அனுப்புவார்கள். இயந்திரம் ஒன்றை முன்னே தள்ளி, துளைக்குள் ஊசியை இறக்கித் தைக்கும் அதே நேரத்தில் இணைப்பை வெட்டும். தடவினால் நிறம் மாறும் சமிக்கியில் இரண்டு பக்கமும் வெவ்வேறு நிறம். துளை நடுவில் இல்லாமல் ஒரு ஓரமாக இருக்கும், அதனால் கதவு போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரளும்.

சமிக்கி உதிர்வதற்கு நூலைக் குறை சொல்கிறோம். பல நேரம் குற்றவாளி துளைதான். வெட்டும் அச்சின் முனை மழுங்கினால் துளையின் ஓரத்தில் பிசிறு நிற்கும். நடக்கும்போது, உட்காரும்போது, ஒவ்வொரு அசைவிலும் அந்தப் பிசிறு ரம்பம் போல நூலை அறுக்கும். புதுத் துணியில் ஒரு சமிக்கியை விரல்நுனியால் சுற்றிப் பாருங்கள். சுரசுரப்பாக இருந்தால் சீக்கிரம் உதிரப்போகிறது. துணியின் உள்பக்கத்தில் நூல் ஒரே தொடராக ஓடியிருந்தால் ஒன்று அறுந்ததும் வரிசையே உருவிக்கொண்டு வரும். பிளாஸ்டிக் என்பதால் உதிர்ந்தது மக்கவும் மக்காது. மரக்கூழின் செல்லுலோஸிலிருந்து சமிக்கி செய்யும் முயற்சிகள் நடக்கின்றன. அவை வெல்ல வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

பொத்தான் கழன்று விழுவதும் இதே போல ஒரு நூல் சமாச்சாரம். பொத்தான் தைக்கும் இயந்திரங்களில் நிறைய ஒற்றை நூல் சங்கிலித் தையல் போடுபவை. அடியில் பாபின், அதாவது அடிநூல் சுற்றிய கண்டு, இல்லை. மேல்நூலே வளையத்துக்குள் வளையமாகக் கோத்துக்கொண்டு போகும். வேகம் அதிகம், பாபின் மாற்றும் வேலையும் மிச்சம். ஆனால் கோலப்பொடிப் பை, அரிசி மூட்டையின் வாயில் இருக்கும் தையலை நினைத்துக்கொள்ளுங்கள்: சரியான முனையைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் சரசரவென்று பிரியும். சட்டைப் பொத்தானுக்குப் பின்னால் தொங்கும் சின்ன நூல் அந்த முனைதான். குழந்தைகள் ஆடையில் இதை விளையாட்டாக விட முடியாது, பொத்தான் நேரே வாய்க்குப் போகும். குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களுக்கான ஐரோப்பியத் தரத்தில் 90 நியூட்டன் விசையில், அதாவது சுமார் 9 கிலோ எடையைத் தொங்கவிட்டது போல இழுத்துச் சோதிக்கிறார்கள்.

புதுச் சட்டை வாங்கியதும் அந்த நூல்முனையை இழுத்துப் பார்க்காதீர்கள், பற்களால் கடித்து அறுக்கவும் வேண்டாம். கையூசியில் அதே நிற நூல் கோத்து, முதுகுப்பக்கம் அந்த முனையின் மேலேயே மூன்று முறை குத்தி, ஒரு முடிச்சுப் போட்டு விடுங்கள். ஒரு பொத்தானுக்கு ஒரு நிமிடம் ஆகும்.